ரேடியோ விலை 400 ரூபாய். பயணம் லண்டன் வரை

மலையடிவாரத்துக் குடும்பங்களுக்கு வெளியூரைக் காட்டியது இசை. ஆனால் அந்த டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் பெரும்பாலும் வண்டியில் ஏறவில்லை.

விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் போடியிலும் ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. கையில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு, தோளில் பழைய ஸ்வெட்டர். பெண்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப் பாதைகள். மூன்றும் போய்ச் சேர்வது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு. மாலையில் அதே ஜீப்பில் இறங்கி வந்துதான் உலை வைக்க வேண்டும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி வருவதும் இங்கே புதிதல்ல.

டிரைவர் முதல் வேலையாகப் பாட்டு போடுகிறார். பாதி நாள் அது இளையராஜா பாட்டாகத்தான் இருக்கும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர் பிறந்த பண்ணைப்புரம் இதே பள்ளத்தாக்கில், இதே மலையின் அடியில்தான் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு பக்கமும் வாழும் குடும்பங்களுக்குப் பயணம் என்றால் பிழைப்பு. ஏறிப் போய் இறங்கி வருவது. மாலை போட்டு வரவேற்பார்கள், ரயிலில் இடம் பிடித்து வைப்பார்கள், கடல் தாண்டியும் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் வேறு வகைப் பயணம், கனவில் வருவது. இடுக்கி எல்லையிலும், அதற்கு வடக்கே பாலக்காட்டு எல்லையிலும் அந்தக் கனவை நிஜமாக்கிய வழிகளில் ஒன்று இசை. கம்யூனிஸ்ட் கட்சி மேடை ஒரு குடும்பத்தைக் கிளப்பியது. சபாக்கள் ஓர் அக்கிரகாரத்தையே கிளப்பின. சினிமா, மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியைத் தலைநகரம் வரை அழைத்துப் போனது.

இவை மூன்றையும் வெற்றிக் கதைகளாகவே சொல்லிப் பழகிவிட்டோம். வீட்டிலிருந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

மலையேறிய பாட்டு

1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அடுத்த ஆண்டே ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. சட்டசபையில் மொத்தம் 126 இடங்கள். கட்சிக்குக் கிடைத்தது 60. ஆதரவு சுயேச்சைகள் ஐந்து பேர். இப்படி நூலிழையில் தொங்கிய ஆட்சிக்கு 1958இல் சோதனையாக வந்தது தேவிகுளம் இடைத்தேர்தல். ரோசம்மா புன்னூஸ் முந்தைய ஆண்டு பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி, அவரே மறுபடியும் களத்தில் நின்றார்.

தோட்டத் தொழிலாளியிடம் மலையாளத்தில் பேசிப் பயனில்லை. தமிழில் மணிக்கணக்காகப் பேசினாலும் பகலெல்லாம் கொழுந்து பறித்தவருக்குத் தூக்கம்தான் வரும். பாட்டு என்றால் உட்காருவார்கள். அந்த வேலைக்குக் கட்சிக்குக் கிடைத்தவர் பண்ணைப்புரத்து பாவலர் வரதராஜன். ஊரே முணுமுணுக்கும் சினிமா மெட்டை எடுத்துக்கொள்வார். அதில் கூலியையும் கங்காணியையும் விலைவாசியையும் வைத்துப் புதுச் சொல் கட்டுவார். மெட்டு ஏற்கனவே தெரிந்தது என்பதால் சொல் உடனே ஒட்டிக்கொள்ளும். ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். அந்த வெற்றியில் வரதராஜனின் பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது கட்சிக்காரர்கள் பல காலம் சொல்லி வந்த பேச்சு.

வரதராஜனின் குழு தேர்தலோடு நிற்கவில்லை. தம்பிகள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். 14 வயதில் ராசய்யா வந்தார்; பின்னாளின் இளையராஜா. பாஸ்கரும், பிறகு கங்கை அமரன் என்று பெயர் பெற்ற அமர்சிங்கும் உடன் இருந்தார்கள். சுமார் பத்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்றார்கள். பஸ், லாரி, மாட்டுவண்டி, கிடைக்காவிட்டால் நடை. மேடை என்பது பல ஊர்களில் இரண்டு பெஞ்சும் ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கும்தான்.

தென்னிந்தியாவின் பெரும் பகுதியை அந்தப் பையன்கள் பார்த்தது இப்படித்தான். காசு கொடுத்து ஊர் சுற்றிப் பார்க்க வசதியில்லாத ஒரு தலித் குடும்பம் அது. ஹார்மோனியப் பெட்டி இல்லாவிட்டால் அந்த ஊர்களின் பெயர்கள் பள்ளிக்கூடத்து வரைபடத்தோடு நின்றிருக்கும். ஒவ்வோர் ஊரிலும் கேட்ட நாட்டுப்புற மெட்டும், கோயில் மேளமும், டீக்கடை ரேடியோவில் ஒலித்த இந்திப் பாட்டும் அவர்கள் காதில் தங்கின. 1964இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு ராசய்யா மெட்டமைத்தார். அவருடைய முதல் மெட்டு என்று குறிப்பிடப்படுவது அதுதான்.

அம்மா விற்ற ரேடியோ

1960களின் இறுதியில் தம்பிகளுக்கு மதராஸ் ஆசை வந்தது. சினிமாவில் சேர வேண்டும். தெரிந்தவர் அதிகம் இல்லை, கையில் பணமும் இல்லை. தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை விற்றார். கிடைத்தது 400 ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூடத் தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல் முழுவதையும் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பினார். இளையராஜா பல மேடைகளில் சொல்லியிருக்கும் சம்பவம் இது.

கதையைக் கேட்பவர்கள் தாயின் பாசத்தைப் பார்க்கிறார்கள். விற்ற பொருள் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். கிராமத்து வீட்டில் அந்தக் காலத்தில் வெளி உலகம் உள்ளே வர இருந்த ஒரே ஜன்னல் ரேடியோ. பிள்ளைகள் உலகத்தைப் பார்க்கப் போவதற்காகத் தன் வீட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டார் அந்த அம்மா. மகன்களின் பாட்டு ஒரு நாள் வானொலியில் வரும் என்பதற்கு அன்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

மதராஸில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பாடம். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார் தேர்வு. ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதன் பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. ஜீப் டிரைவருக்கே அது மனப்பாடம்.

ஆனால் வரதராஜன் 1973இலேயே காலமாகிவிட்டார். தம்பியின் பெயர் திரையில் வருவதற்கு மூன்று ஆண்டு முன்பு. முதலில் பாதை போட்டவர் அவர். தம்பிகளை ஊர் ஊராகக் கூட்டிச் சென்று மேடைக்கூச்சம் போக்கியவரும் அவர். பின்னாளில் குடும்பத்தின் படக் கம்பெனிக்கு 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அண்ணனுக்கு மிஞ்சியது அந்தப் பெயர்ப்பலகை.

தம்பியின் பயணம் தொடர்ந்தது. 1993இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து ஒரு சிம்பொனியைப் பதிவு செய்தார். அது வெளியாகவே இல்லை. 2005இல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு திருவாசகம். கடைசியில் 2025 மார்ச் 8 அன்று, லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில், 'வேலியன்ட்' என்ற அவருடைய சிம்பொனி அரங்கேறியது. அப்போது அவருக்கு வயது 81. பண்ணைப்புரத்திலிருந்து லண்டன் மேடைக்குப் போக, 14 வயதில் தொடங்கிய பயணத்துக்கு 67 ஆண்டுகள் பிடித்தன.

கணவாயில் ஓடிய ரயில்

மலையோடு வடக்கே போனால் அது ஓரிடத்தில் திடீரென்று விட்டுக்கொடுக்கிறது. 30 கிலோமீட்டருக்கும் அதிக அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய். காற்றும் வியாபாரியும் படையும் வந்துபோன வழி. 1862இல் அதன் வழியே ரயிலும் வந்தது. மதராஸிலிருந்து அரபிக்கடல் கரையிலுள்ள பேப்பூர் வரை ஒரே தண்டவாளம்.

கணவாயின் இந்தப் பக்கத்து அக்கிரகாரங்களில் எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பே தஞ்சைப் பக்கமிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. வீட்டுக்குள் பேசியது மலையாளம் கலந்த தமிழ். நிலம் குறைவு, பிள்ளைகள் அதிகம். ரயில் வந்ததும் பிள்ளைகள் கிளம்பினார்கள். டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றவர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் போனார்கள். படிப்பு ஏறாதவர்களில் பலர் கரண்டி பிடித்தார்கள். பாலக்காட்டுச் சமையல்காரர் இல்லாமல் கல்யாணம் இல்லை என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இசைக்காரர்கள் கிளம்பியதும் இதே தண்டவாளத்தில்தான். செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974) தன் கிராமத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டு நாடு முழுவதும் பாடினார். மிருதங்கம் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) பாட்டுக்காரர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை சேஷம் பாகவதர். சிறுவன் மணியை மதராஸ் மேடைக்கு அழைத்துச் சென்றவர் செம்பை. பாலக்காடு கே.வி. நாராயணஸ்வாமியை (1923–2002) அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் குருகுலத்தில் சேர்த்துவிட உதவியவர்களில் மணி ஐயரும் ஒருவர். ஒருவர் ஏறிக்கொண்டு அடுத்தவருக்குக் கை கொடுத்தார். 1965இல் மணி ஐயர், நாராயணஸ்வாமி, வயலின் லால்குடி ஜெயராமன் மூவரும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழாவில் வாசித்தார்கள். மறு ஆண்டு மணி ஐயருக்கு சங்கீத கலாநிதி பட்டம். மிருதங்க வித்வான் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

இந்தக் கதையில் வெளியே தெரியாத பாத்திரம் ஒன்று உண்டு. அது குமாஸ்தா. பம்பாய் மாதுங்காவில் ஒற்றை அறையில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஊர் நினைவு வந்தால் போக லீவு கிடையாது. ஊரை அங்கே வரவழைப்பதுதான் வழி. மாதாமாதம் சந்தா கட்டி சபா ஆரம்பித்தார்கள். அங்கே வளர்ந்த சபாக்களில் பெரியது, 1952இல் தொடங்கிய ஷண்முகானந்தா. வித்வானுக்கு ரயில் டிக்கெட் எடுத்து, ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்து, வீட்டில் தங்க வைத்து, அவர் கேட்கும் பதத்தில் காபி கொடுத்தது இந்தக் குடும்பங்கள்தான். இசைக்காரருக்கு வெளியூர் கிடைத்தது. வெளியூரில் மாட்டிக்கொண்டவருக்கு இரண்டு மணி நேரம் ஊர் கிடைத்தது. வடக்கே வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பம் எதைக் கேட்டாலும் இதற்கு ஒரு சித்தப்பாவையோ மாமாவையோ சாட்சி சொல்லும்.

பண்ணைப்புரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மறைத்துச் சொல்ல முடியாது. இந்த ரயிலில் சொந்தச் சாதிக்காரர் இடம் பிடித்து வைத்திருந்தார். குரு வீட்டில் தங்க இடம், சபாவில் மேடை, வெளியூரில் சொந்தக்காரர் வீடு. ராசய்யாவுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது; அவருக்கு மேடை தந்தது கட்சி. சங்கீதத்தைச் சாதிக்குள் பூட்டாத பாலக்காட்டுக்காரர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த கே.ஜே. யேசுதாஸைச் சீடராக ஏற்றுக்கொண்டவர் செம்பைதான். இன்று பாலக்காட்டில் அவர் பெயரில் நடப்பது அரசு இசைக் கல்லூரி. அங்கே விண்ணப்பம் போட அக்கிரகாரத்து விலாசம் தேவையில்லை.

வண்டியில் ஏறாதவர்கள் இங்கேயும் உண்டு. மணி ஐயரின் மிருதங்கத்துக்குத் தோல் இழுத்து, வார் பிடித்து, சுநாதம் கொண்டுவந்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. வாத்தியம் மேடை மேடையாகப் போனது. அதைச் செய்த தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் கதை விரிவாக அச்சேறியது 2020இல், பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய நூலில்தான். மணி ஐயர் இறந்து அப்போது 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாடு மேய்த்த பாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், கோவை ஆனைகட்டியை ஒட்டி இருக்கிறது அட்டப்பாடி. இருளர், முடுகர், குறும்பர் வாழும் மலை. சத்துக் குறைவால் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததால் 2013இல் நாடே திரும்பிப் பார்த்த இடம். இங்கே நக்குப்பதி ஊரில் வசிக்கும் நஞ்சியம்மாவுக்கு இசை ஒரு தொழில் அல்ல. மாடு மேய்க்கும்போதும், குழந்தையைத் தூங்க வைக்கும்போதும், சாவு வீட்டிலும் பாடுவது. எழுதி வைத்த பாட்டும் இல்லை, கட்டணம் கட்டிய பாடமும் இல்லை.

இயக்குநர் சச்சி தன் 'அய்யப்பனும் கோஷியும்' படத்துக்காக அவரைத் தேடிப் பிடித்தார். இருளர் மொழியில் சொல்லும் நஞ்சியம்மாவுடையதே, குரலும் அவருடையதே. 2020 பிப்ரவரியில் படம் வந்தது. தலைப்புப் பாட்டை மலையாளம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் பாடித் திரிந்தார்கள். ஜூன் மாதம் சச்சி இறந்துபோனார். 2022 ஜூலையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது நஞ்சியம்மாவுக்கு என்று அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 30 அன்று டில்லி விஞ்ஞான் பவனில், பழங்குடிப் பெண்ணான குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் கையால் இருளப் பெண்ணான நஞ்சியம்மா விருது வாங்கினார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

முறைப்படி சங்கீதம் படிக்காதவருக்கு இந்த விருதா என்று அப்போது ஒரு முணுமுணுப்பும் எழுந்தது. சுருதி சுத்தம், பல வருடச் சாதகம் என்றெல்லாம் வாதம் நடந்தது. நஞ்சியம்மாவுக்காகப் பேசிய இசைக்காரர்களும் நிறையப் பேர். அந்த வாதத்துக்குள் ஒரு பழைய கேள்வி ஒளிந்திருந்தது: டிக்கெட் யாருக்குக் கிடைக்கலாம் என்பது. குருகுலம் வழியாக வந்தவருக்கு யாரும் கேட்காத கேள்வியை மாட்டுக்குப் பின்னால் நடந்து வந்தவரிடம் கேட்டார்கள்.

அவரைக் கண்டுபிடித்த சச்சி அந்த மாலையில் அங்கே இல்லை. மலையின் தெற்கே வரதராஜனுக்கு நடந்ததுதான் வடக்கே இவருக்கும் நடந்தது.

யார் வீட்டுக் காசு

குழந்தைக்கு நல்ல குரல் இருக்கிறது என்று தெரிந்தால் இன்று மலையடிவாரத்து வீடுகளிலும் கனவு தொடங்கிவிடுகிறது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி, அதன் வழியே சென்னை, அதற்கப்புறம் சிங்கப்பூர், வளைகுடா என்று கலைநிகழ்ச்சிகள். ரேடியோவுக்குப் பதிலாக இன்று விற்பது அல்லது அடகு வைப்பது வேறு ஏதோ ஒன்று. கீபோர்டு வாங்கவும், வாத்தியாருக்குக் கொடுக்கவும், தேர்வுக்குப் போய்த் தங்கவும் பணம் வேண்டும். ஏலக்காய் பறித்த கூலியில்தான் அதையும் எடுக்க வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகள் லண்டன் போகப் போவதில்லை. பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பியவர்களிலும் எல்லோரும் போய்விடவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் அம்மாக்கள் பணம் கொடுக்கிறார்கள். சின்னத்தாயம்மாளும் அப்படித்தான் கொடுத்திருக்க வேண்டும். இசை ஊரைக் காட்டும் என்பது பாதி உண்மை. வீட்டில் ஒருவர் ஊரை விடாமல் இருந்தால்தான் இன்னொருவர் கிளம்ப முடியும் என்பது மீதி.

கூடலூர் தாண்டி, குமுளி மலை ஏறும் இடத்தில் லோயர்கேம்ப். இளையராஜா குடும்பத்துக்கு அங்கே இடம் இருக்கிறது. தாயார் சின்னத்தாயம்மாளும், மனைவி ஜீவாவும் அங்கேதான் அடக்கம். 'பாரதி' படத்தில் பாடித் தேசிய விருது வாங்கிய மகள் பவதாரிணி 2024 ஜனவரியில் கொழும்பில் காலமானபோது, உடலைச் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து இந்த மலையடிவாரத்துக்கே எடுத்து வந்தார்கள். உலகம் சுற்றிய குடும்பம் தன் பெண்களைச் சேர்த்து வைத்திருப்பது இங்கே, ஏலத் தோட்டத்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கும் இடத்தில்.

மாலையில் அந்த ஜீப்புகள் இறங்குகின்றன. பெண்கள் களைத்திருக்கிறார்கள், சிலர் தூங்குகிறார்கள். டிரைவர் காலையில் நிறுத்திய பாட்டை மறுபடியும் போடுகிறார். ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் வாய்க்குள்ளேயே கூடப் பாடுகிறார். அவருக்குக் கம்பத்தில் இறங்கி, வீட்டில் உலை வைக்க வேண்டும்.